கிழியாத கால்

பாரை மீனின் நடுமுள்ளில் கத்தியை வைத்து மேலே கட்டையால் ஒரு போடு போடுகிற நேரத்திலும் ஸெய்னுலாப்தீனின் பார்வை, மீன் வாங்க வந்தவரின் காலுக்குப் போய்விடும். இத்தனை வருடத்தில் விரல் ஒன்றும் போகாமல் இருப்பது ஆண்டவன் கிருபை. "இந்த நோவு முழங்கால்ல இல்ல, இடுப்பால எறங்கி வருது. செருப்ப மாத்திப் பாருங்க" என்பார். வந்தவர் முழங்காலைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். அரை றாத்தல் மீனோடு ஒரு வைத்திய ஆலோசனையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

உக்குவளை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவருடைய மீன்கடை. விடியுமுன் மாத்தளைக்குப் போய், திருகோணமலை லொறி இறக்கிவிட்டுப் போகும் பெட்டிகளில் தனக்கானதை எடுத்து வருவார். உச்சிக்குள் மீன் தீர்ந்துவிடும். பின்னேரம் அஸர் தொழுது முடிந்தால் கடை வேறு கடையாகிவிடும். மீன் வெட்டும் பலகைக்குப் பின்னால் ஆள் படுக்கிற அளவுக்கு நீளமான ஒரு மர வாங்கு கிடக்கிறது. அதில் 'ரைஸிங் மூன்' கால்பந்துக் கழகத்தின் விளையாட்டுக்காரன் யாராவது ஒருவன் குப்புறப் படுத்திருப்பான். பக்கத்தில் ஐஸ் பெட்டியும் ஜாதிக்காய் எண்ணெய்ப் போத்தலும் இருக்கும்.

கால் தொடுமுன் தேசிக்காய் பிழிந்து கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார். அப்படியும் மீன் வாடை போவதில்லை. "எங்கட வீட்டுக்காரர்கிட்ட காலக் காட்டிட்டுப் போற புள்ளையள, பூன பின்னாலயே போய் வீட்டுல வுட்டுட்டு வருது" என்பது அவர் மனைவி ஹமீமாவின் சாட்சியம்.

இவ்வளவுக்கும் அவர் ஆடியவர் அல்ல. பந்து அவர் காலுக்கு வந்தால் அடுத்தது எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கத்தான் அவர் பிறந்தார். ஆட்டம் பார்ப்பதிலும் கோணல் உண்டு. ஊரெல்லாம் பந்தைப் பார்க்கும்போது அவர் பந்து இல்லாதவர்களைப் பார்ப்பார். எவன் ஓடி நின்றபின் தொடையின் பின்பக்கத்தைப் பிசைகிறான், எவன் எட்டி வைக்க வேண்டிய அடியைக் குறுக்கி வைக்கிறான் என்பதுதான் அவருக்கு ஆட்டம். கோல் விழுந்து எல்லாரும் குதிக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் "ஆர் அடிச்சது?" என்று கேட்பார்.

தொடையின் பின்னால் இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் தசைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பின்கயிறு. ஓட்டக்காரனுக்கு எமன் அதுதான் என்பது அவர் கட்சி. "தொடையில முன்னால ஈக்கிற சத எஞ்சின். பின்கயிறு பிரேக். எஞ்சின் பெருசு, பிரேக் சிறுசு எண்டா அந்த லொறி கடுகண்ணாவ எறக்கத்துல என்னவாகும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படுத்திருப்பவனின் குதிகாலை மடக்குவார்.

அவருடைய வைத்தியம் முழுவதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பின்கயிறு பிடித்தவன் சூரை மீன், கருவாடு, கத்தரிக்காய் மூன்றையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சூரை மலிந்து கிடக்கும் காலத்தில் மீன்கடைக்காரரே அதை வாங்காதே என்று விளையாட்டுக்காரர்களை விரட்டுவதைக் கண்டு மற்ற வியாபாரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஐஸ் விஷயம் அப்படி வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் நுஹ்மான் என்ற இடதுபக்க ஆட்டக்காரன், ஓடிக்கொண்டிருந்தவன், பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அன்று மாலையே ஸெய்னுலாப்தீன் எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்சி, உப்பு வறுத்து ஒத்தடம் போட்டு, உடம்பின் பலம் எல்லாம் சேர்த்து அந்தக் காலைத் தேய்த்தார். நான்கு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். மறுநாள் தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை கத்தரிக்காய் நிறத்தில் கறுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே சதை கிழிந்து இரத்தம் கசிகிறபோது சூடு போட்டுத் தேய்த்தது யார் என்று கேட்டார். முதலில் குளிர்தான் வைக்க வேண்டும், கை வைக்கவே கூடாது என்றார். ஸெய்னுலாப்தீன் தான்தான் என்று ஒப்புக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து ஐஸிலே கை வைத்து வாழ்கிறவர், அன்றைக்குத்தான் அதை ஒரு மருந்தாக நினைத்தார்.

நுஹ்மானுக்கு மறுபடி ஓட்டம் வரவில்லை. இப்போது கோல் காக்கிறான். அவனுக்குக் கோபம் இல்லை. அண்ணனை அழைப்பதுபோல 'நானா' என்றுதான் இன்றும் அவரை அழைப்பான். "முந்தி நான் பந்தத் தேடி ஓடினேன் நானா. இப்ப பந்து என்னத் தேடி வருது" என்று சிரிப்பான். அந்தப் பகிடிக்கு ஸெய்னுலாப்தீன் ஒருநாளும் சிரித்ததில்லை.

அதன் பிறகு அவர் முறை மாறிவிட்டது. முதலில் சாக்குத்துண்டில் சுற்றிய ஐஸ், இறுக்காத கட்டு, கால் உயரத்தில். தேய்ப்பு என்ற பேச்சே இல்லை. வீக்கம் இறங்கினால் மட்டும் எண்ணெய், அதுவும் பூனையைத் தடவுகிற மாதிரி. நோவு இல்லாமல் நடக்க வந்ததும் ஆளை ரெயில் பாதைக்குக் கூட்டிப்போவார். ரெயில் வராத நேரம் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும், ஸ்டேஷன் மாஸ்டருக்கு மீன் எது நல்லது என்று இவருக்குத் தெரியும். முதலில் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றாக மிதித்து நடக்க வேண்டும். பிறகு ஒன்று விட்டு ஒன்று. காலை எட்டிப் போட்டும் பின்கயிறு முணுமுணுக்காவிட்டால்தான் ஓட்டம். கடைசியாக, அந்த வாங்கில் குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, அவர் உள்ளங்கையைக் குதிகாலால் தள்ள வேண்டும். "என்ட கை தோத்தாத்தான் நீ கிரவுண்டுக்கு" என்பார். கழகத்தின் கப்டன் சிவலிங்கம், அவர் சொல்லாமல் யாரையும் இறக்குவதில்லை.

அந்த நம்பிக்கைதான் அவரை ஒருதரம் மாட்டிவைத்தது. அறுபத்தேழாம் வருடமோ அறுபத்தெட்டோ, மாவட்டக் கிண்ணத்தின் இறுதியாட்டம். அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு இலாகா அணியின் ஆள் வருவதாகச் செய்தி. பிடித்துப்போன விளையாட்டுக்காரனுக்கு இலாகாவில் வேலையே கொடுப்பார்களாம். அவர் பார்க்க வருவது வலதுபக்க ஆட்டக்காரன் இத்ரூஸை என்று ஊருக்கே தெரியும்.

இத்ரூஸ் ஹமீமாவின் தம்பி. கொக்கோ ஸ்டோர் ஒன்றில் விதை காயப்போட்டுக் கிளறுகிற வேலை. மழை வந்தால் கூலியும் நனைந்துவிடும். அரசாங்க வேலை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை, கண்பட்டுவிடும் என்று. ஸெய்னுலாப்தீன் மட்டும் மச்சினன் கொழும்புக்குப் போகப்போவதை மீனோடு சேர்த்து நாலு பேருக்கு விற்றுவிட்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமைப் பயிற்சியில் இத்ரூஸ் வயிற்றுவலி என்று சொல்லிப் பாதியில் போனான். மறுநாள் தெருவில் நிமிர்ந்து நடந்தான். கொக்கோ மூடையைத் தோளில் ஏற்றிக் காட்டினான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, ஸெய்னுலாப்தீனுக்கும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகையில் இத்ரூஸ் முன் வரிசையில் நின்றான். அவனுக்கு நேர் பின்னால் ஸெய்னுலாப்தீன். ருகூவுக்கு எல்லாரும் இடுப்பை வளைத்து, முழங்காலில் கை வைத்துக் குனிந்தார்கள். கால் இரண்டும் நேராக நிற்க வேண்டும். குனிந்த நிலையில் பின் வரிசைக்காரரின் கண்ணுக்கு நேரே வருவது முன்னால் நிற்பவரின் கால்தான். இத்ரூஸின் சாரத்துக் கரை வலது பக்கம் ஏறியிருந்தது, இடது பக்கம் தரையைத் தொட்டது. இடது முழங்காலை மடக்கிக்கொண்டு குனிகிறான். நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பும்போது இடது காலை விட்டுவிட்டு, கையை ஊன்றி எழுந்தான். தெருவையும் ஸ்டோரையும் ஏமாற்றியவன் பள்ளிவாசலில் ஏமாற்ற மறந்துவிட்டான். பின்தொடையை இழுக்காமல் ருகூ செய்ய முடியாது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்தும் ஸெய்னுலாப்தீன் எழும்பவில்லை. இரண்டு பாரம் அவரை அழுத்தின. ஒன்று மச்சினனின் கால். மற்றது தன் தொழுகை. இறைவன் முன் நின்றுகொண்டு மச்சினனின் பின்கயிற்றைச் சோதித்தவர், கண்டதை வெளியே எப்படிச் சொல்வது? பள்ளி காலியானதும் தொழுவித்த லெப்பையிடம் போய் மென்று விழுங்கிக் கேட்டார்.

"ஹஸரத், தொழுகையில கண்ட விசயத்தப் பேசலாமா?"

"தொழுகையில என்னத்தக் காண்ற?" என்றார் லெப்பை. கேட்டு முடித்ததும் தாடியைத் தடவிச் சிரித்தார். "மீன் கடையில கால பாக்கிறீங்க சரி, இங்கயுமா? ஒங்கட தொழுகைக்கு நீங்க அல்லாகிட்ட பதில் சொல்லுங்க. அவர்ட காலுக்கு அவர்கிட்ட சொல்லுங்க."

அன்று அஸருக்குப் பிறகு இத்ரூஸை வாங்கில் படுக்க வைத்தார். "தள்ளு" என்றார். இத்ரூஸ் குதிகாலால் அவர் கையைத் தள்ளினான். கை அசையவில்லை. அவன் நெற்றி வேர்த்தது.

"நோகல்ல மச்சான்."

"நோகுதா எண்டு நான் கேக்கல்ல. தள்ளச் சொன்னேன்."

இத்ரூஸ் முகத்தை வாங்கிலேயே புதைத்துக்கொண்டான். "ஒரே ஒரு மெச். இறுக்கிக் கட்டிவுடுங்க. அந்த மனிசன் பாத்துட்டுப் போகட்டும். அங்கால கால் போனா போகட்டும்."

"போன காலோட கொழும்புல ஒன்ன என்ன செய்வாங்க?"

"நீங்க ஒண்டும் சொல்லாம ஈந்தா போதும்."

இத்ரூஸ் கேட்டது அவ்வளவுதான். பொய் சொல்லக்கூட இல்லை, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ஹமீமாவும் அதையே கேட்டாள். சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அவன்ட ரிஸ்க், அவன்ட சாப்பாடு, அல்லா அளந்து வச்சது. ஒங்கட வாயால தட்டிப் போடாதீங்க."

"நானா தட்டுறேன்? கால் சொல்லுது."

"கால் ஒங்களோட மட்டும்தானே பேசுது. அவன் நடக்கிறான், மூட தூக்குறான். ஊரே பாக்குது."

அவர் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைத்தார். ஹமீமா சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் அவரை அரித்தது. தொண்ணூறு நிமிடமும் அந்தக் கால் தாங்கிவிடலாம். முதல் ஓட்டத்திலேயே அறுந்தும் போகலாம். அதைச் சொல்ல அவரிடம் எந்தக் கருவியும் இல்லை, உள்ளங்கை ஒன்றைத் தவிர.

ஞாயிறு மைதானத்தில் இத்ரூஸ் காலில் சப்பாத்தைக் கட்டி முடித்து நின்றான். கூடாரத்தின் கீழ் கொழும்பு ஆள், தொப்பியோடு. சிவலிங்கம் வழக்கம்போல வந்தார்.

"என்னங்க நானா, நம்ம இத்ரூஸ எறக்கலாமுங்களா?"

ஸெய்னுலாப்தீன் மச்சினனைப் பார்க்கவில்லை. கோல் கம்பத்தின் கீழ் கையுறை மாட்டிக்கொண்டு நின்ற நுஹ்மானைப் பார்த்தார்.

"ஏலாது."

சிவலிங்கம் இரண்டாம் தரம் கேட்டார். அதே பதில்தான். இத்ரூஸ் சப்பாத்தைக் கழற்றாமலே மைதானத்தைக் கடந்து, ரோட்டில் ஏறி, வீடு வரைக்கும் அப்படியே நடந்து போனான். ரைஸிங் மூன் ஒரு கோலால் தோற்றது. கொழும்பு ஆள் எதிரணியின் இடதுபக்கக்காரனை அழைத்துப் பேசிவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஹமீமா அவருக்குப் பீங்கானை வைப்பாள், சோறு போடுவாள், பேசமாட்டாள். தம்பியை மட்டும் பின்னேரத்தில் கடைக்குத் துரத்துவாள். வேலைதான் போனது, காலாவது மிஞ்சட்டும் என்று. இத்ரூஸ் வந்து வாங்கில் குப்புறப் படுப்பான். சலாம் மட்டும் உண்டு, வேறு பேச்சு இல்லை. ஸெய்னுலாப்தீன் கை கழுவி, எண்ணெய் தடவி, கட்டுப் போட்டுவிடுவார். ரெயில் பாதையில் இத்ரூஸ் முன்னே சிலிப்பர் கட்டை மிதித்துப் போவான், அவர் பின்னே வருவார். பார்ப்பவர்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர் என்றுகூட நினைக்கமாட்டார்கள்.

கால் தேறத் தொடங்கியது. அங்கேதான் அவருக்குப் பிடித்தது சனி. இத்ரூஸ் ஒவ்வொரு அடி நன்றாக வைக்க வைக்க, ஊர் அவரைக் குற்றவாளியாக்கியது. மீன் வாங்க வந்த ஸஹாப்தீன் முகத்துக்கு நேரேயே கேட்டார்: "கட்ட வுட்டுக் கட்ட தாண்டுறானே. அண்டைக்கே எறக்கி ஈந்தா இப்ப அவன் கொழும்புல. என்னத்துக்கு அந்தப் புள்ளட வயித்துல அடிச்சீங்க?"

கிழிந்த கால் என்றால் ஊரே பார்க்கும். கறுத்த தொடையைக் காட்டி இதோ என்று சொல்லலாம். கிழியாத காலுக்கு யார் சாட்சி? நடக்காத ஒன்றை எந்தச் சபையில் கொண்டுபோய் வைப்பது? நன்றாக வைத்தியம் பார்த்தால் அவர் சொன்னது பொய்யாகிறது. மோசமாகப் பார்த்தால் உண்மையாகிவிடும். இப்படி ஒரு கணக்கு வேறு எந்த வைத்தியனுக்கும் வந்திருக்காது.

அந்தக் கணக்கு அவர் மனதிலும் ஓடியது. ஒருநாள் ஐஸ் பெட்டியில் கை வைத்தபடியே நுஹ்மானிடம் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாளைக்கு ஏலாது, ஏலாது எண்டு இழுத்தா, ஊர் நம்பும். என்ட பேரு நிக்கும்."

பிறகு அவரே கையை வெளியே எடுத்து உதறினார். "செய்தா மனிசனில்ல" என்றார்.

அந்த வார முடிவில் இத்ரூஸ் வாங்கில் படுத்துக் குதிகாலால் தள்ளினான். ஸெய்னுலாப்தீனின் முழங்கை மடங்கியது. இன்னொரு தரம் தள்ளச் சொன்னார். மறுபடியும் மடங்கியது. ஊர் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, தானே சிவலிங்கத்தின் வீட்டுக்கு நடந்து போய், "எறக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். செய்தி கேட்டு ஊர் ஒரே குரலில் சொன்னது: பார்த்தீர்களா, காலில் ஒன்றுமே இருந்திருக்காது.

பக்கத்துத் தோட்டத்து அணியோடு ஆட்டம். இத்ரூஸைப் பிடிக்க அவர்கள் நிறுத்தியது முத்துவீரன் என்ற தடுப்பாட்டக்காரனை. மலையில் ஏறி இறங்கிய கால், குதிரை மாதிரி ஓடுவான். இரண்டாம் பாதியில் பந்து வலது ஓரத்தில் நீளமாக விழுந்தது. இருவரும் ஓடினார்கள். முத்துவீரன் முதலில் ஒரு எட்டு முன்னால். இத்ரூஸ் காலை நீட்டி நீட்டிப் போட்டான், ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாதவனைப்போல. முந்திக்கொண்டு, கோட்டருகே பந்தைத் திருப்பி அடித்தான். கோல் விழுந்தது.

எல்லாரும் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். இத்ரூஸ் அவர்களை விலக்கிவிட்டு எல்லைக் கோட்டைத் தேடி வந்தான். அங்கே நின்ற மச்சானுக்கு நேரே திரும்பி, கையை ஓங்கி, தன் இடது பின்தொடையில் பளார் பளார் என்று அடித்துக் காட்டினான். கூட்டம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். ஸஹாப்தீன், "இப்ப என்ன சொல்றீங்க நானா?" என்று கத்தினார்.

ஸெய்னுலாப்தீன் அந்த அடி விழுந்த இடத்தைப் பார்த்தார், பிறகு இத்ரூஸின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பலமாக அடித்தும் அது கொஞ்சமும் சுளிக்கவில்லை. அவர் மெல்லப் புல்லில் உட்கார்ந்து, இறைவனிடம் துஆ கேட்டு முடித்தவரைப்போல இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.